ஸ்டீல்ஸுக்கு அங்காலை அந்த ரீம் வராது, வரப்பண்ண ஆரிட்டைக் கேக்கிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினா இதுதான்: ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரத்திலை, ரெண்டுக்கும் எல்லையான ஸ்டீல்ஸ் ரோட்டுக்கு வடக்காலை ரெண்டு தெரு தள்ளி இருக்கிறியள், தம்பிக்கு ஸ்கிட்சோஃப்ரீனியா எண்ட மனநோய், போன விண்டரிலை ஒரு ராத்திரி அவர் மருந்தை விட்டுட்டு அறையைப் பூட்டிக்கொண்டு கத்த, அம்மா பயந்துபோய் 911 அடிக்க, மூண்டு பொலிஸ் கார் வந்து விலங்கு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது, பிறகுதான் ஆரோ சொல்லி அறிஞ்சியள் ரோட்டுக்கு அங்காலை ரொறன்ரோவின்ரை ஸ்காபரோப் பக்கம் இருந்திருந்தா 211 எண்ட உதவி நம்பருக்கு அடிச்சு பொலிஸ் இல்லாத மனநல நெருக்கடி ரீம் ஒண்டைக் கூப்பிட்டிருக்கலாம் எண்டு, அதைப்போலை ஒண்டு எங்களுக்கும் வேணும் எண்டு மார்க்கம் மேயருக்கு பெட்டிஷன் எழுதினாச் சரிவருமோ எண்டு கேக்கிறியள். எழுதலாம், பிழையில்லை, ஆனா நீங்கள் உண்மையிலை கேக்கிறது "ஆரிட்டை இந்தத் திறப்பு இருக்கு", அதாவது முடிவெடுக்கிற அதிகாரம் ஆற்றை கையிலை எண்ட கேள்வி. அது மேயரிட்டை மட்டும் இல்லை. நான் நெருக்கடி நேரத்திலை வீடுவீடாப் போய்க் கதைக்கிற வேலையிலை கன வருஷம் இருந்தனான், இப்ப கூடுதலா மற்றாக்களைப் பழக்கிற வேலை, ரொறன்ரோவிலை இது வரமுதல் நடந்த கூட்டங்களிலை பின்வரிசையிலை இருந்திருக்கிறன், ஒருக்கா முன்னுக்குப் போய்க் கதைச்சும் இருக்கிறன். சட்டத்தரணி இல்லை, அதாலை நான் சட்டம் எண்டு சொல்லுற இடங்களை கடிதத்திலை போடமுதல் ஒரு சட்டத்தரணிக்குக் காட்டுங்கோ.

சபையிட்டைக் கேக்கிற அலுவல் வருஷக்கணக்கிலை இழுபடும், தம்பிக்கு அடுத்த கிழமையே திரும்ப வரலாம், அதாலை அப்ப என்ன செய்யலாம் எண்டதை முதல் சொல்லிவிடுறன். உங்கடை பக்கத்துக்கு 310-கோப் எண்ட நெருக்கடி லைன் இரவு பகலா இருக்கு, தற்கொலை எண்ணம் எண்டால் 988, அது 2023 நவம்பர் 30 இலை இருந்து கனடா முழுக்க வேலை செய்யுது. ஆயுதம், ரத்தம், மருந்தை அளவுக்கு மிஞ்சி விழுங்கிட்டார் எண்டால் 911 தான், யோசிச்சுக்கொண்டு நிக்க வேண்டாம். மற்றது, தம்பியின்ரை பேர், வருத்தம், மருந்து, டொக்டர், எது அவரைப் பயப்படுத்தும், ஆற்றை குரலுக்கு அடங்குவார் எண்டதை ஒரு பக்கத்திலை இங்கிலீஷிலை எழுதி ஃபிரிட்ஜ் கதவிலை ஒட்டி வையுங்கோ. அந்த நேரத்திலை அம்மாவுக்கு இங்கிலீஷும் வராது தமிழும் வராது, அந்தத் தாளைக் கழட்டி வாறவையின்ரை கையிலை குடுத்தாப் போதும். நான் போன ஒரு வீட்டிலை அப்பிடி ஒரு தாளிலை கடைசி வரி "சப்பாத்தோடை அறைக்குள்ளை போகாதேங்கோ" எண்டு இருந்தது. நாங்கள் ரெண்டு பேரும் வாசலிலை சப்பாத்தைக் கழட்டினம், பெடியன் கதவைத் திறந்தார். எல்லா நாளும் அப்பிடி நடக்காது, அண்டைக்கு நடந்தது.

இனி திறப்பு. ஒன்ராறியோவிலை உங்கடை ஊருக்கு ரெண்டு தட்டு ஆட்சி. கீழ்த்தட்டு மார்க்கம் நகரசபை, அது பார்க், லைபிரரி, தீயணைப்பு, குப்பை. மேல்தட்டு யோர்க் பிராந்தியம், மார்க்கம், வோன், ரிச்மண்ட் ஹில் எண்டு ஒன்பது ஊர் சேர்ந்தது, பொலிஸ், அம்புலன்ஸ், பொதுச் சுகாதாரம் எல்லாம் அங்கைதான். ரொறன்ரோவுக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஒரே தட்டு, ஒரு சபை கையைத் தூக்கினா அலுவல் முடிஞ்சுது, அதாலைதான் அங்கை நடந்த வழியை அப்பிடியே பிரதி பண்ண ஏலாது. உங்கடை மேயரும் மார்க்கத்துப் பிராந்தியக் கவுன்சிலர்மாரும் மேல்தட்டுச் சபையிலையும் இருக்கினம், அவையிட்டைப் போறது வீண் இல்லை, ஆனா "மார்க்கம் இதைச் செய்யவேணும்" எண்டு கேட்டா "எங்கடை அதிகாரம் இல்லை, வருந்துறம்" எண்டு வடிவான கடிதம் ஒண்டு வரும், அதோடை சரி. "பிராந்திய சபையிலை இந்தத் தீர்மானத்தை நீங்கள் கொண்டு வாங்கோ" எண்டு கேக்கோணும். அங்கையும் ஒரு பதில் தயாரா இருக்கும்: மனநலம் சுகாதாரம், சுகாதாரம் மாகாணத்தின்ரை காசு. அது பாதி உண்மை. மற்றப் பாதி என்னெண்டால், சமூகப் பாதுகாப்பு நல்வாழ்வுத் திட்டம் எண்டு ஒண்டு ஒவ்வொரு உள்ளூராட்சியும் எழுதி வைக்கோணும் எண்டு மாகாணச் சட்டமே சொல்லுது, 2021 ஜூலை முதலாம் திகதி அதுக்குக் கடைசி நாளா இருந்தது. உங்கடை பிராந்தியத்தின்ரை திட்டத்தை எடுத்து மனநலம் எண்டு வாற இடமெல்லாம் மஞ்சள் பூசுங்கோ. "நீங்களே எழுதினதைத்தான் கேக்கிறம்" எண்டு தொடங்கிற கடிதத்துக்கு மறுமொழி எழுதிறது அவைக்குக் கஷ்டம்.

ரொறன்ரோவிலை எப்பிடி வந்தது எண்டதை ஆறுதலாப் பாக்கோணும், ஏனெண்டால் எல்லாரும் அதைத்தான் உதாரணம் காட்டுவினம், காட்டிற விதம் கனபேர் பிழை. 2020 மே 27 ரெஜிஸ் கோர்ச்சின்ஸ்கி-பாக்கெற் எண்ட இளம்பெண் குடும்பம் உதவிக்கு 911 அடிச்ச பிறகு, பொலிஸ் வீட்டுக்கை நிக்கேக்கை 24ம் மாடி பல்கனியிலை இருந்து விழுந்து இறந்தவர். அடுத்த மாதம் 20ம் திகதி மிசிசாகாவிலை 62 வயது எஜாஸ் சௌத்ரியைப் பொலிஸ் வீட்டுக்கையே சுட்டது, அவருக்கும் ஸ்கிட்சோஃப்ரீனியா, தங்களைக் கதைக்க விடுங்கோ எண்டு கேட்டும் விடேல்லை எண்டு குடும்பம் சொன்னது. அந்த ஜூன் கடைசியிலை ரொறன்ரோ சபைக்கு ஒரு தீர்மானம் வந்தது, பொலிஸ் பட்ஜெட்டிலை 10 வீதம் வெட்டுறது, 8க்கு 16 எண்டு தோத்தது. அதே கூட்டத்திலை பொலிஸ் இல்லாத நெருக்கடி சேவைக்கு வழி பாருங்கோ எண்ட தீர்மானம் வெண்டது. எனக்கு அண்டைக்குச் சரியான கோவம், வெட்டாமல் எங்காலை காசு எண்டு. இப்ப யோசிச்சா அந்த ரெண்டு வாக்கெடுப்பும்தான் எனக்குப் பாடம் படிப்பிச்சது: பறிக்கச் சொன்னா பயப்பிடுற ஆக்கள், கட்டச் சொன்னாக் கையைத் தூக்குவினம். இதை ஒத்துக்கொள்ளாத நண்பர்கள் எனக்கு இருக்கினம், அவையின்ரை நியாயமும் நியாயம்தான், ஆனா உங்கடை பிராந்திய சபையிலை நான் முதல் வழியாலை போகமாட்டன். அதோடை சட்டப்படியும், பொலிஸ் பட்ஜெட்டைத் தயாரிக்கிறது பொலிஸ் சேவைச் சபை எண்ட வேறை சபை, பிராந்திய சபை மொத்தத் தொகைக்கு ஓம் இல்லை சொல்லலாம், உள்ளுக்கை ஒரு வரியைப் பிடிச்சு வெட்ட ஏலாது.

பிறகும் அது தானா நடக்கேல்லை. ரீச் அவுட் ரெஸ்பொன்ஸ் நெற்வேர்க் எண்டு ஒரு சின்னக் குழு, மனநலப் பிரச்சினையைத் தாங்களே அனுபவிச்ச ஆக்களும் சேர்ந்தது, சனத்திட்டைக் கேட்டு, மற்ற ஊர்களை ஆராய்ஞ்சு, அதிகாரிமார் எடுத்துப் பாவிக்கக்கூடிய மாதிரி அறிக்கை எழுதிக் குடுத்தினம். 2021 பிப்ரவரியிலை சபை பரீட்சார்த்தத்துக்கு அனுமதி குடுத்தது, 2022 மார்ச் 31 ரெண்டு இடத்திலை தொடங்கினது, ஒண்டு வடகிழக்கிலை தைபு சமூக சுகாதார நிலையம் நடத்தினது, அதாவது எங்கடை சனம் கனக்க இருக்கிற மல்வேர்ன் பக்கம், மற்றது டவுன்ரவுன் கிழக்கிலை கேர்ஸ்டீன் நெருக்கடி நிலையம். அந்த ஜூலையிலை இன்னும் ரெண்டு இடம். 2024 இலைதான் நகரம் முழுக்க வந்தது. கணக்குப் பாருங்கோ, முதல் தீர்மானத்திலை இருந்து முழு நகரத்துக்கு நாலு வருஷம், அதுவும் பத்திரிகை முழுக்க இந்தக் கதையா இருந்த காலத்திலை. உங்களுக்கு இதைவிடக் கூட நாள் எடுக்கும். சோர்வைத் தரச் சொல்லேல்லை, முதல் கூட்டத்திலை "பாக்கிறம்" எண்டு சொல்லேக்கை நீங்கள் வீட்டை போய்ப் படுத்திடக் கூடாது எண்டதுக்காகச் சொல்லுறன்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வாறன். கவுன்சிலர்மாருக்கு வான் பிடிக்கும், ரீம் ஏறி வாற வண்டியைச் சொல்லுறன். புது வான், பக்கத்திலை லோகோ, முன்னுக்கு நிண்டு படம், எல்லாருக்கும் சந்தோசம். ஆனா இந்தச் சேவையைத் தீர்மானிக்கிறது வான் இல்லை, போன். அம்மா பயத்திலை அடிக்கப்போறது 911 தான், பத்து இலக்க நம்பர் அந்த நேரம் ஆருக்கும் ஞாபகம் வராது. அந்த 911 மேசையிலை இருக்கிறவர் "இது பொலிசுக்கு உரியது இல்லை" எண்டு தீர்மானிச்சு மாத்திவிட்டாத்தான் ரீம் வரும், இல்லாட்டி வான் பார்க்கிங்கிலை நிக்கும். ரொறன்ரோவிலை 911 இலை இருந்தும் 211 க்கு மாத்துறதுக்கு விதி எழுதினவை, அதைவிட 2021 கடைசியிலை இருந்து கேர்ஸ்டீன் நிலையத்து ஆக்களை 911 மையத்துக்கையே இருத்தினவை. அதாலை உங்கடை கடிதத்திலை "ஒரு ரீம் தாங்கோ" எண்டு மட்டும் எழுதாமல், எந்த வகை போன் கோல் மாத்தப்படும், ஆர் மாத்துறது, சந்தேகம் எண்டால் ஆற்றை சொல்லு கடைசி, ராத்திரி ரெண்டு மணிக்கு ஆள் இருக்குமோ, இந்த நாலையும் கேளுங்கோ. 310-கோப் ஏற்கெனவே இருக்கிறபடியா "எங்களிட்டை இருக்குத்தானே" எண்டு சொல்லுவினம், அப்பவும் இதே கேள்விதான்: போன வருஷம் 911 இலை இருந்து அவைக்கு எத்தினை கோல் நேரை மாத்தினியள், அதிலை எத்தினைக்கு வீட்டை ஆள் போனது? பொலிசோடை நேர்ஸ் வாற ரீமையும் காட்டுவினம். அது ஒண்டுமில்லாததுக்கு நல்லது, நான் அவையோடை வேலை செய்திருக்கிறன், நல்ல ஆக்கள், ஆனா வாசலிலை துவக்கோடை ஒருவர் நிக்கிறார் எண்டது மாறேல்லை. இயக்கம், ஆமி, சோதனைச்சாவடி எல்லாம் பாத்து வந்த குடும்பத்திலை யூனிஃபோமைக் கண்டவுடனை தகப்பன் முன்னுக்குப் போய் நிண்டு நிலைமையை இன்னும் மோசமாக்கினதை நான் ஒரு தரம் இல்லை, பல தரம் கண்டிருக்கிறன்.

எண்களைப் பற்றிக் கொஞ்சம் நிண்டு சொல்லோணும், ஏனெண்டால் இதிலைதான் ஆக்கள் விழுகிறது. ரொறன்ரோவின்ரை முதல் வருஷ மதிப்பீட்டிலை 911 இலை இருந்து மாத்தின கோல்களிலை 78 வீதம் பொலிஸ் போகாமலே முடிஞ்சது, இதைத் தைரியமாப் பாவியுங்கோ, ஆனா "மனநலக் கோல் எல்லாத்திலையும் 78 வீதம்" எண்டு எழுதிப்போடாதேங்கோ, அது மாத்தப்பட்ட கோல்களின்ரை கணக்கு மட்டும். அமெரிக்காவிலை டென்வரிலை 2020 ஜூனிலை ஸ்டார் எண்ட ரீம் தொடங்கி முதல் ஆறு மாதத்திலை 748 கோலுக்குப் போனது, ஒருத்தரும் கைதாகேல்லை. அந்த இடங்களிலை சின்னக் குற்றங்களின்ரை முறைப்பாடு 34 வீதம் குறைஞ்சது எண்டு 2022 இலை ஒரு ஆய்வு வந்தது. நல்ல ஆய்வு, ஆனா ஒரு நகரம், ஆறு மாதம், அதை வைச்சு மார்க்கத்திலையும் குற்றம் குறையும் எண்டு சொன்னா நான் நம்பமாட்டன். ஆகக் கவனம் வேண்டியது ஒரிகன் மாநிலத்து யூஜீன். கஹூட்ஸ் எண்ட ரீம் 1989 இலை இருந்து இருந்தது, எல்லாத்துக்கும் மூத்தது, நகரத்தின்ரை கோல்களிலை 17 வீதம் தாங்கள் எடுக்கிறதா ஒரு எண் ஊரெல்லாம் ஓடினது. யூஜீன் பொலிஸ் திரும்பக் கணக்குப் பாத்து, பொலிஸ் உண்மையிலை போகவேண்டியிருந்த கோல்களிலை இவை மாத்தி எடுத்தது 5 இலை இருந்து 8 வீதம் வரைதான் எண்டு சொன்னது. ரெண்டு பக்கத்துக்கும் அவையவையின்ரை காரணம் இருக்கு, எண்ணுற விதம்தான் வித்தியாசம். சபையிலை நீங்கள் 17 எண்டு சொல்லி, பொலிஸ் அதிகாரி எழும்பி 5 எண்டு சொன்னா, உங்கடை மிச்சக் கதையையும் ஒருத்தரும் கேக்கமாட்டினம். காசு மிச்சமாகும் எண்ட வாதத்தையும் நான் முன்னுக்கு வைக்கமாட்டன், முதல் வருஷங்களிலை செலவுதான் கூடும், அதை ஒத்துக்கொள்ளுங்கோ. அந்த கஹூட்ஸே 2025 ஏப்ரலிலை யூஜீனிலை நிண்டுபோச்சு, காசுப் பிரச்சினையிலை. 35 வருஷம் ஓடினதே நிக்குது எண்டால், வருஷாவருஷம் கெஞ்சி வாங்கிற காசிலை இதை நடத்த ஏலாது எண்டதை உங்கடை தீர்மானத்திலையே எழுதிக் கேக்கோணும்.

ஆனா பொலிசின்ரை கணக்கு உங்களுக்கு எதிரி எண்டு நினைக்காதேங்கோ. தகவல் அறியும் விண்ணப்பம் 5 டொலர் கட்டிப் போடலாம், 30 நாளுக்குள்ளை மறுமொழி தரோணும். மூண்டு விஷயம் கேளுங்கோ: மனநலக் கோல் எந்த மணித்தியாலத்திலை எந்தப் பகுதியிலை எத்தினை, அதிலை எத்தினை பேரைப் பிடிச்சுக் கொண்டு போனது, ஆஸ்பத்திரி எமர்ஜென்சியிலை பொலிஸ் எத்தினை மணித்தியாலம் காத்து நிண்டது. இந்த மூண்டாவதுதான் வரியைக் குறை எண்டு சொல்லுற கவுன்சிலரையும் நிமிர்ந்து இருக்கப்பண்ணும். ரெண்டு பொலிஸ் ஒரு பெடியனோடை கதிரையிலை இருந்து விடியும்வரை கோப்பி குடிக்கிறதுக்கு வரி கட்டுறம் எண்டது அவருக்கு உடனை விளங்கும். பொலிசிலையே கனபேர் இந்த வேலையை விட்டுக்குடுக்க விருப்பம், வெளியிலை சொல்லமாட்டினம், தனியக் கதைச்சாச் சொல்லுவினம்.

எங்கை இது வேலை செய்யாது எண்டதையும் நீங்களே முதல் சொல்லிப்போடுங்கோ. ஒன்ராறியோ மனநலச் சட்டத்தின் கீழை ஒருத்தரை அவற்றை விருப்பத்துக்கு மாறாப் பிடிச்சுக் கொண்டு போற வேலை நடைமுறையிலை பொலிசுக்குத்தான், பரிசோதனைக்குக் கொண்டு போகச் சொல்லி டொக்டர் ஃபோர்ம் 1 போட்டாலும், சமாதான நீதவான் ஃபோர்ம் 2 போட்டாலும் பொதுவா வாசலுக்கு வாறது பொலிஸ்தான். எங்களைப்போலை ஆக்கள் கதைக்கலாம், காத்திருக்கலாம், சாப்பாடு குடுக்கலாம், இழுத்துக்கொண்டு போக ஏலாது, போகவும் கூடாது. அதாலை உங்கடை தம்பிக்கு வந்த அந்த ராத்திரி நாங்கள் வந்திருந்தாலும் கடைசியிலை பொலிசைக் கூப்பிட வேண்டி வந்திருக்கலாம். இதை மறைச்சுப் பேசிற ஆதரவாளர்தான் முதல் கெட்ட சம்பவத்தோடை முழுத் திட்டத்தையும் கவுக்கிறது. மற்ற ஓட்டை, கதைச்சு அமத்தின ஆளை எங்கை கொண்டுபோய் விடுறது? ரெண்டு மூண்டு நாள் படுக்க ஒரு நெருக்கடிக் கட்டில் இல்லாட்டி திரும்ப அதே வீடு, அதே அறை. ரீமோடை கட்டிலையும் சேர்த்துக் கேளுங்கோ.

சபையிலை கதைக்கிறது பற்றி. சபையின்ரை கிளார்க் ஒஃபிசிலை முன்கூட்டியே பேர் குடுக்கோணும், பொதுவா 5 நிமிஷம், ஆக்கள் கூடினா 3 ஆக்கிப்போடுவினம், அதாலை ரெண்டரை நிமிஷத்துக்குத் தயார் பண்ணுங்கோ. நான் கண்ட ஒரு கூட்டத்திலை ஒரு தமிழ் அம்மா, அறுபது அறுபத்தைஞ்சு இருக்கும், மகள் மொழிபெயர்க்க எழும்பினவ. மகள் ஒவ்வொரு வசனத்தையும் திருப்பிச் சொல்ல, மணிக்கூடு அம்மாவின்ரை நேரத்தைப் பாதியாத் தின்னுது. ரெண்டாவது நிமிஷத்திலை அந்த அம்மா எழுதிக் கொண்டுவந்த துண்டை மடிச்சு கைப்பையுக்கை வைச்சிட்டு நேரை பாத்து இங்கிலீஷிலை சொன்னா, "ஐ கோல்ட் ஃபோர் டொக்டர். தே சென்ட் கன்." டொக்டருக்கு அடிச்சன், துவக்கை அனுப்பிச்சினம் எண்டு. அதோடை இருந்திட்டா. அண்டைக்குப் பதினைஞ்சு பேர் கதைச்சினம், பிறகு கவுன்சிலர்மார் திருப்பிச் சொன்னது அந்த ரெண்டு வசனத்தைத்தான். மொழிபெயர்ப்போடை கதைக்கிறவைக்குக் கூட நேரம் தருவியளோ எண்டு கிளார்க்கிட்டை முதலே எழுத்திலை கேட்டு வையுங்கோ.

எங்கடை ஆக்களைச் சேர்க்கிறது இன்னொரு பாடு. "வெளியிலை தெரிஞ்சா தங்கச்சிக்குக் கலியாணம் நடக்குமோ" எண்டு கேக்கிற சனம், கோவில் மண்டபத்திலை கையெழுத்து வாங்க நிண்டாக் கண்ணைப் பாக்காமல் போவினம், பிறகு ராத்திரி போன் எடுத்து ஒரு மணித்தியாலம் அழுவினம். அவையைச் சபைக்குக் கூட்டிக்கொண்டு போகோணும் எண்டில்லை, பேர் இல்லாத கடிதமா நீங்கள் வாசிக்கலாம். பெட்டிஷன் எண்டால் தபால் குறியீட்டோடை வாங்குங்கோ, கவுன்சிலர் முதல் பாக்கிறது தன்ரை தொகுதி ஆக்கள் எத்தினை பேர் எண்டதைத்தான், ஸ்காபரோவிலை இருந்து ஆயிரம் கையெழுத்து வந்தாலும் அவருக்கு அது சுழியம். தனிய நிக்காதேங்கோ, சீன, பாரசீக, தென்னாசியக் குடும்பங்களும் உங்கடை தெருவிலையே இதே பிரச்சினையோடை இருக்கினம்.

நேரம் பாத்துப் போங்கோ. பிராந்தியத்தின்ரை பட்ஜெட் பெரும்பாலும் வருஷக் கடைசியிலை முடிவாகும், அந்தக் காகிதம் வெளியிலை வாறபோது கேட்டாப் பிந்திப்போச்சு, கோடையிலையே அதிகாரிமாரோடை கதைக்கோணும். நகரசபைத் தேர்தல் நாலு வருஷத்துக்கு ஒருக்கா அக்டோபரிலை, 2022 க்குப் பிறகு 2026, வாக்குக் கேட்டு வாசலுக்கு வாறவையிட்டை "911 கோலை மாத்திவிட ஓம் எண்டுவியளோ" எண்ட ஒரு கேள்வியைக் கேட்டு மறுமொழியை அவைக்கு முன்னாலையே எழுதிக்கொள்ளுங்கோ.

கடிதம் எழுத முதல், தம்பி தெளிவா இருக்கிற ஒரு நாளிலை அவரிட்டை ஒருக்காக் கேளுங்கோ, அண்டைக்கு ஆர் வந்திருந்தா கதவைத் திறந்திருப்பீர் எண்டு. அவர் சொல்லுறதை, அவர் ஓம் எண்டால் மட்டும், முதல் வரியாப் போடுங்கோ. எழுதினாப்பிறகு இங்கை போடுங்கோ, நான் வாசிச்சுத் திருத்தித் தாறன்.